பெட்ரோல் போன வழி

மகாராஜ நகர்,
திருநெல்வேலி.
20 ஜனவரி 2025

ஆழ்வார்குறிச்சி பாத்திர வாடகைக் கடை குமரவேலுக்கு,

இவ்விடம் அனைவரும் நலம். அவ்விடத்து நலத்தை விசாரிக்கும் எண்ணம் எனக்கில்லை. உன் அக்கா பார்வதி கேட்கச் சொன்னதால் கேட்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அம்பாசமுத்திரம் கல்யாணப் பந்தியில், மாப்பிள்ளை வீட்டார் காதுபட, "எங்க அத்தான் காரு பஸ் ஸ்டாண்டுல நிக்கி. டிரைவரு டிக்கெட்டு கிழிச்சிக்கிட்டு இருக்காரு" என்று நீ சொன்னது உனக்கு மறந்திருக்காது. இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன், உன் வாசலில் கால் வைப்பதானால் என் சொந்தக் காரில் வந்து இறங்கித்தான் வைப்பேன் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து நான் சபதம் செய்ததும் மறந்திருக்காது. பேசமாட்டேன் என்றேனே தவிர, எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆயுள் முழுக்க அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன் நான்; வித்தியாசம் எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். வண்ணார்பேட்டைத் தரகர் ஒருவரிடம் வெள்ளி நிறக் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். பழையது, ஆனால் கம்பீரமானது. வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் போன பிறகு ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தால், உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் கார் விற்க உன்னை விட்டால் ஆள் இல்லையா?

பெயர் மாற்றப் படிவங்களை இணைத்திருக்கிறேன். பென்சிலில் குறியிட்ட இடங்களில் மட்டும் கையெழுத்துப் போடவும். வேறு எதையும் கிறுக்கி வைக்க வேண்டாம்.

ச. அம்பலவாணன்,
ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்

*

ஆழ்வார்குறிச்சி
27.1.2025

அத்தானுக்கும் அத்தான் காருக்கும் குமரவேலின் கும்பிடு.

இங்கே நானும் கலையரசியும் சுகம். அக்காவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? உங்கள் ரத்தக்கொதிப்பு நன்றாக இருக்கிறது என்று கடிதத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கலையரசி என்னவோ ஏதோவென்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அத்தான், அது நான் பத்து வருடம் ஓட்டி, அலுத்துப்போய், கழித்துக் கட்டிய வண்டி. அதைப் போய் கம்பீரம் என்கிறீர்கள். என்னிடம் நேரே கேட்டிருந்தால் தரகருக்குக் கொடுத்த கமிஷனாவது மிஞ்சியிருக்கும். என்ன செய்ய, பேச்சுத்தான் கிடையாதே.

ஆனால் நல்ல வண்டி. வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு லிட்டருக்குப் பதினாலு கொடுக்கும். ஒரே ஒரு குறை. ஹேண்ட்பிரேக் சும்மா பேருக்குத்தான் பிடிக்கும். மேட்டில் நிறுத்தினால் டயருக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்துவிடுங்கள். அதற்கென்றே டிக்கியில் ஒரு கருங்கல் போட்டு வைத்திருந்தேன், தரகன் அதையும் எடுத்திருப்பான்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம். புது வீடு கட்டி முடித்தாயிற்று. வெள்ளத்துக்குப் பயந்து ரோட்டை விட இடுப்பளவு உயர்த்தி, வாசலுக்குச் சரிவு போட்டிருக்கிறேன். கதவைப் பூட்டி வைத்திருக்கிறேன். உடன்பிறந்தவள் வந்து பால் காய்ச்சாமல் நான் குடிபோக மாட்டேன். அக்காவைப் போனில் கூப்பிட்டால், "அவரு வராத வீட்டுக்கு நான் எப்படிலே வருவேன்" என்கிறாள். இப்போதுதான் சொந்தக் கார் வந்துவிட்டதே, அத்தான். ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஏறி உட்கார்ந்தால் பாதித் தூக்கத்தில் வந்துவிடலாம். தூங்குவது அக்காவாக இருக்கட்டும்.

உங்கள் மச்சினன்,
குமரவேல்

*

மகாராஜ நகர்
3 மார்ச் 2025

குமரவேலுக்கு,

உடல்நலம் குறித்து நீ அடித்த கிண்டலைப் படித்தேன். பார்வதிக்கு முட்டிவலி தேவலை. உன் மனைவியின் நலம் அறிய விரும்புகிறோம்.

நீ விற்ற கார் ஒரு மோசடி. பெட்ரோல் ஊற்றுகிறேன், காணாமல் போகிறது. மறுபடி ஊற்றுகிறேன், மறுபடி காணவில்லை. டேங்க் ஒழுகுகிறதா என்று அடியில் பழைய நாளிதழ் விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கறை இல்லை. போதாததற்கு ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரும் பழுது. நாங்கள் குற்றாலம் சென்று வந்தோம், திருச்செந்தூர் சென்று வந்தோம். அது அசையாமல் நிற்கிறது.

என் பராமரிப்பில் குறை சொல்ல முடியாது. தினமும் ஸ்டார்ட் செய்யாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்று தரகர் சொன்னார். எனவே தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து, ஏ.சி. போட்டு, உள்ளே அமர்ந்து நாளிதழைத் தலையங்கம் உட்பட முழுதாகப் படித்து முடித்த பிறகே அணைக்கிறேன். மாலையில் ஈரத்துணியால் துடைக்கிறேன். பத்தமடைப் பாய் ஒன்றை வெட்டிக் காலடியில் விரித்திருக்கிறேன்.

இப்படிக் குடிக்கிற காரை நம்பி ஆழ்வார்குறிச்சி வரை வர முடியாது. இதைச் சரிசெய்யும் வழியை எழுது. உன் வீட்டுப் பால் காய்ச்சும் விஷயம் அதற்குப் பிறகு.

அம்பலவாணன்

*

ஆழ்வார்குறிச்சி
10.3.2025

அன்புள்ள அத்தானுக்கு, குமரவேல் எழுதிக்கொண்டது.

நாங்கள் சுகம். கலையரசியின் நலம் கேட்டதற்கு அவள் நன்றி சொல்கிறாள். அதிகாரி கேட்டாரே என்று அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஊரில் எல்லாரும் வாசகசாலைக்குப் போய் ஓசியில் பேப்பர் படிக்கிறார்கள். நீங்கள் ஒருத்தர்தான் பெட்ரோல் ஊற்றிப் படிக்கிறீர்கள். அதிலும் தலையங்கம். அதை எழுதினவனே அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க மாட்டான். நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினாலும் அது பச்சைத் தண்ணீரிலா ஓடும்? பேட்டரிக்கு வேண்டும் என்றால் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள், அது போதும்.

சரி, உங்கள் படிப்புக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். டயரில் காற்று குறைந்தால் மைலேஜ் அடிபடும். வாரம் ஒரு தடவை பங்கில் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று இன்னும் ஓசிதான். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் பாதிச் சித்திரைத் தூசி கொட்டும், புதுசு மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயிலைக் குச்சி விட்டுப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்ற வேண்டும். டிக்கியில் பழைய அரசாணைக் கட்டுகளை அடுக்கியிருக்கிறீர்களாம், அக்கா போனில் சொன்னாள். அதை இறக்குங்கள். அரசாங்கத்தைச் சுமந்தால் எந்த வண்டியும் படுத்துக்கொள்ளும்.

மீட்டர் மட்டும் எனக்குப் புரியவில்லை. நான் விற்கிற அன்றைக்கு நன்றாக ஓடியது.

மேலப்பாளையம் நாசர்தான் எனக்கு எப்போதும் இந்த வண்டியைப் பார்க்கிற மெக்கானிக். அவரை அனுப்புகிறேன். வைகாசியில் பால் காய்ச்ச நாள் பார்த்திருக்கிறேன். அதற்குள் வண்டி தயாராகிவிடும்.

குமரவேல்

*

மகாராஜ நகர்
20 ஏப்ரல் 2025

குமரவேலுக்கு,

சித்திரைப் பிறப்பு வாழ்த்து உன் மனைவிக்கு உரியது. நாங்கள் நலம். பார்வதி இப்போதெல்லாம் காலையில் சாலோமி டீச்சர் என்ற ஒரு தோழியோடு நடைப்பயிற்சி போகிறாள்.

நீ அனுப்பிய நாசர் வந்தார். மரியாதை தெரியாத ஆள். பானட்டைத் திறந்தார், பிளக்கைக் கழற்றி, அதிலிருந்த கரியை விரலில் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து டயரைப் பார்த்தார். முன்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை இருந்தது. மகாராஜ நகரில் சிலந்தி அதிகம். அதற்கு அவர் ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்?

"சார், குற்றாலம் போகையில இந்தச் சிலந்தியையும் கூட்டிட்டுப் போனியளோ" என்று கேட்டார். பார்வதி டீயோடு வந்தாள். டீ வேண்டாம், உள்ளே கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். அவர் பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டுப் போனார்.

வைகாசி முடியாது. காரணம் எழுத வேண்டிய அவசியமில்லை.

அம்பலவாணன்

*

ஆழ்வார்குறிச்சி
2.7.2025

அத்தானுக்கு,

நலமாக இருக்கிறோம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுத நாளாகிவிட்டது. முகூர்த்த மாதம், ஒரு அண்டாகூடக் கடையில் தங்கவில்லை.

நாசர் வந்தார். வண்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னார். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

இங்கே என் கதையைக் கேளுங்கள். வன்னியராஜ் என்று புதிதாக ஒரு ஆள் வேலைக்கு வந்திருக்கிறான். தடிமாடு மாதிரி இருக்கிறான், வண்டி ஓட்டத் தெரியாது. எட்டுப் போட்டு லைசென்ஸ் எடுத்தானாம், அதோடு சரி. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் கியரைத் தொட மாட்டேன் என்கிறான். கேட்டால் பெட்ரோல் சரியில்லை, மீட்டர் சரியில்லை என்று வண்டி மேல் பழி போடுகிறான். இப்படி ஒரு மண்ணைக் கட்டி மேய்க்க வேண்டியிருக்கிறது எனக்கு.

அவனிடம் சொன்னேன், மைலேஜ் என்பது காலில் இருக்கிறது என்று. கிளட்சை முழுசாக அமுக்கி முதல் கியர் போடு. பிறகு கிளட்சை ஒரேயடியாக விடாதே, பைய விடு. வண்டி லேசாக மூச்சு விடுகிற மாதிரி ஒரு துடிப்பு வரும், அங்கனயே காலை நிறுத்து. அப்புறம் ஆக்சிலேட்டரைத் தொடு. நகர்ந்த பிறகு கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் கிளட்சும் தேயும், பெட்ரோலும் போகும். வேகம் வந்ததும் கியரை மேலே தள்ளிக்கொண்டே போ. விடியற்காலையில் தெருவில் ஆள் வருவதற்கு முன்னால் பழகு, யாரும் பார்க்க மாட்டார்கள் என்றும் சொன்னேன்.

எவ்வளவு சொன்னாலும் அவன் மண்டையில் ஏறுமா என்று தெரியவில்லை. உங்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். என் தலையெழுத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எழுதினேன்.

ஆனி, ஆடியில் பால் காய்ச்ச முடியாது. ஆவணியில் நாள் பார்க்கிறேன்.

குமரவேல்

*

மகாராஜ நகர்
12 ஜூலை 2025

குமரவேலுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. உன் வேலையாளின் அருமை பெருமைகள் எனக்குத் தேவையற்றவை. அவனைப் போன்ற ஒருவனை வைத்துக்கொண்டிருக்கும் உன் நிர்வாகத் திறமை பற்றியும் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இருப்பினும், உன் கடிதத்தில் தெளிவின்மை இருக்கிறது. நீ எழுதிய துடிப்பு வந்தபின் காலை நிறுத்தினாலும், அந்த ஆளுக்கு வண்டி தவளை போல் இரண்டு குதி குதித்து அணைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது யாருடைய பிழை? மேலும், ரிவர்ஸ் எடுக்கும்போது அவன் எந்தக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பதையும் நீ அவனுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

அரைகுறையாகச் சொல்லிக்கொடுப்பது உன் குடும்ப வழக்கம் என்பதால் சுட்டிக்காட்டுகிறேன்.

அம்பலவாணன்

*

ஆழ்வார்குறிச்சி
16.7.2025

அத்தானுக்கு வணக்கம். இங்கே எல்லாரும் சௌக்கியம்.

நீங்கள் சொன்னது சரி. வன்னியராஜுக்கு அப்படியே தவளைக் குதிதான். எல்லாம் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படக்கென்று காலை எடுத்துவிடுகிறான். கர்வம் பிடித்த கால். வண்டி நகர்ந்து ஒரு தென்னைமர நீளம் போகிற வரைக்கும் கிளட்சிலிருந்து காலை முழுசாக எடுக்கக்கூடாது. ரிவர்ஸில் மூன்று கண்ணாடியையும் பார்க்க வேண்டும். அதற்கும் மேலே, வெட்கப்படாமல் கழுத்தைத் திருப்பி நேராகப் பார்க்க வேண்டும். இடித்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறேன். அந்த வண்டியில் நான் இடிக்காத இடமா?

ஆவணி பன்னிரண்டு, வியாழக்கிழமை. ஆங்கிலத்துக்கு ஆகஸ்ட் இருபத்தெட்டு. காலை ஒன்பதுக்கு மேல் நேரம். இதற்கு மேல் தள்ளினால் புரட்டாசி வந்துவிடும், பிறகு ஐப்பசி மழை. பூட்டின வீட்டில் சுண்ணாம்பு பொரிய ஆரம்பித்துவிட்டது. கலையரசி தினமும் போய் வாசலைக் கூட்டிவிட்டு வருகிறாள்.

குமரவேல்

*

திருநெல்வேலி
19.8.2025

அன்புத் தம்பி குமரவேலுக்கு அக்கா பார்வதி எழுதுவது.

நான் நலம். நீயும் கலையரசியும் நலமா? போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

நீ வன்னியராஜைப் பற்றி எழுதிய கடிதங்களை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். தினமும் விடியுமுன் எழுந்து போய்ப் பழகினார். நான் தூங்குவதுபோல் படுத்திருப்பேன். போன வாரம் கேட்டைத் தாண்டி வெளியே எடுத்துவிட்டார். திரும்பும்போது கேட்டுத் தூணில் இடித்து, ஒரு பக்க விளக்கு உடைந்தது. உள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து சாவியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "என்னால ஆகாது பார்வதி. உன் தம்பி வீட்டுக்கு நீ பஸ்ல போயிரு. நான் வரல" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஆகாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நீ இதற்குச் சிரிக்கக் கூடாது.

நாங்கள் இரண்டு பேரும் வருவோம். காரில்தான் வருவோம். எப்படி என்று கேட்காதே. கேட்டால் அதுவரை நீ தூங்கமாட்டாய். பால் பானையை விளக்கி வை.

அக்கா

*

ஆழ்வார்குறிச்சி
2.9.2025

அத்தானுக்கு, குமரவேல் எழுதிக்கொண்டது.

புது வீட்டிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் சுகம், வீடும் சுகம். நீங்கள் சுகமாகத் திரும்பிப் போய்ச் சேர்ந்ததாக அக்கா போன் செய்தாள்.

அன்றைக்கு நடந்ததை உங்களுக்கே எழுதக் காரணம், நீங்கள் கூட இருந்தும் ஒன்றையும் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு முன்னாலேயே தெருமுனையில் ஒரு சத்தம். நெல் அறுப்பு மிஷின் வருகிறது என்று கலையரசி சொன்னாள். பார்த்தால் என் பழைய வண்டி, ஒற்றைக் கண்ணோடு வருகிறது. ஸ்டியரிங்கில் யார் என்று பார்த்தேன். பட்டுச் சேலை, மூக்குத்தி, மூக்குக்கண்ணாடி. எங்கள் அக்கா. பக்கத்தில் நீங்கள், மடியில் குத்துவிளக்கு, மேலே கைப்பிடியில் தொங்கிக்கொண்டு. சாலோமி டீச்சர் டிரைவிங் ஸ்கூல் டீச்சர் என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுப் பங்குனியிலிருந்து போய்வந்திருக்கிறாள். லைசென்ஸை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். "அவரு ஒரு நாளு ஆகாதும்பாருன்னு எனக்குத் தெரியும்லா. அன்னைக்கு யாராவது ஓட்டணும்லாலே" என்றாள்.

நெல்லையிலிருந்து ரெண்டாவது கியரிலேயே வந்திருக்கிறாள். அப்படி வந்தால் லிட்டருக்கு ஒன்பது கொடுத்தால் அதிகம். இப்போதுதான் மைலேஜ் உண்மையாகவே நாசமாகியிருக்கிறது, இனி நீங்கள் தாராளமாகக் குறை சொல்லலாம்.

சரிவில் ஏற்றி நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு அக்கா இறங்கினாள். வண்டி உங்களோடு பைய பின்னால் போக ஆரம்பித்தது. நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். "ஏலே குமரவேலு, கல்லப் போடுலே" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினீர்கள்.

ரெண்டு வருடம், ஏழு மாதத்துக்குப் பிறகு என்னிடம் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை. வீடு கட்டி மிஞ்சின செங்கல்லை எடுத்துப் போட்டேன். வண்டி நின்றது.

பால் பொங்கினபோது எல்லாரும் பானையைப் பார்த்தார்கள். அக்கா உங்களைப் பார்த்தாள். அதையும் நீங்கள் கவனிக்கவில்லை, செங்கல் சரியாக இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

குமரவேல்

*

மகாராஜ நகர்
8 செப்டம்பர் 2025

குமரவேலுக்கு,

இவ்விடம் நலம். அவ்விடத்து நலத்தை நானே விசாரிக்கிறேன்.

உன் கடிதத்தில் உள்ள பிழைகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஒன்று, நான் சொந்தக் காரில் வந்து இறங்குவேன் என்றுதான் சொன்னேன். அதன்படியே வந்து இறங்கினேன். ஓட்டுவேன் என்று எங்கும் சொல்லவில்லை. மற்றொன்று, அன்று நான் கூறியது உன்னிடம் பேசியதாகாது. கல்லைக் குறித்துப் பொதுவாகக் கூறியது. அருகில் உன் பெயர் கொண்டவன் நின்றது தற்செயல்.

திரும்பும்போது வீரவநல்லூருக்குப் பிறகு மூன்றாவது கியர் போடப்பட்டது. முக்கூடல் விலக்கில் ஒரு லாரியை முந்தினோம். கண்ணைத் திறந்தே இருந்தேன். பார்வதி மிக நன்றாக ஓட்டுகிறாள் என்பதை உனக்குத் தெரிவிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. மீட்டர் பழுதில்லை.

பந்தியில் என் அருகில் அமர்ந்து சாப்பிட்டவர் வன்னியராஜ். இருபது வருடமாக உன் கடை லோடு வண்டியை அவர்தான் ஓட்டுகிறாராம். மதுரை வரைக்கும் கண்ணாடிப் பாத்திரம் ஏற்றிப் போய், ஒரு கீறல் இல்லாமல் திரும்புவாராம். இதுபற்றி நான் மேற்கொண்டு எழுத விரும்பவில்லை.

ஹேண்ட்பிரேக் கேபிள் மாற்ற வேண்டும். நாசரை அனுப்பி வை. டீ கொடுக்கப்படும்.

உன் அத்தான்,
அம்பலவாணன்